மச்சானுக்கு எந்த டம்ளர்

1. குடித்ததுதான் குற்றம்

காபிச் சாம்பிளை ருசி பார்த்துத் தரம் பிரிக்கிற கப்பிங் ரூமில் வேலைக்குப் போன முதல் நாளே என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். நான் செய்த குற்றம், காபி குடித்தது.

காபி கம்பெனியில் காபி குடித்தால் குற்றமா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் இருக்கிற நம் ரோஸ்டிங் ஒர்க்ஸில், அதுவரைக்கும் நான் டிரம் பக்கத்தில் நின்று வறுத்த கொட்டையைக் கிளறுகிறவன். எட்டாம் கிளாஸில் கணக்கு வாத்தியாரும் நானும் ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ள முடியாமல் பிரிந்துவிட்டோம். அவர் பள்ளிக்கூடத்திலேயே இருந்துகொண்டார், நான் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ரயிலேறி இங்கே வந்துவிட்டேன். நஷ்டம் யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை.

ஒரு நாள் காலையில் சூப்பர்வைசர் கோதண்டம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏழுமல, இன்னிலேர்ந்து நீ கப்பிங் ரூம்ல. வெந்நீர் வை, டம்ளர் கழுவு, மேசையத் தொடை. வாய மட்டும் மூடிக்கினு இரு."

"வாய மூடிக்கினு எப்டி சார் ருசி பாக்கறது?"

"உன்ன எவன்டா ருசி பாக்கச் சொன்னான்?"

உள்ளே போனேன். நீளமான மேசை. அதன்மேல் வரிசையாகச் சின்னக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் கறுப்பாக டிகாக்ஷன். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. பக்கத்தில் ஒரு எச்சில் தொட்டி. கிண்ணங்களைக் கழுவத்தானே சொன்னார்கள்? உள்ளே இருப்பதைக் கொட்டினால் பாவம் என்று நினைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் குடித்துவிட்டேன். கடைசிக் கிண்ணம் வாயில் இருக்கும்போது கோதண்டம் சார் வந்தார். அவர் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா.

"டேய் படுபாவி! சாம்பிள்டா அது! மலையிலேர்ந்து மேடம் பஸ்ஸுல மடியில வச்சி எடுத்தாந்தது!"

அந்த அம்மாதான் சுலோசனா மேடம். மலையில் இருக்கிற காபி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவர். கோபப்படுவார் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"சரி, குடிச்சாச்சு. எது நல்லா இருந்தது?"

"எல்லாமே கஷாயம் மாதிரி கீது மேடம். எனுக்கு ஜுரம் இல்ல. இருந்திருந்தா போயிருக்கும்."

கோதண்டம் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். மேடம் சிரித்தார். "இந்த மேசையில உண்மைய சொன்ன மொத ஆள் நீதான். இவனே இருக்கட்டும் சார்" என்றார்.

இப்படித்தான் நான் ஆராய்ச்சித் துறைக்கு வந்தேன். இப்போது இந்த ரூமுக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கெல்லாம் நான்தான் சீனியராம். மீசையே எனக்கு இன்னும் சரியாக முளைக்கவில்லை. ஆனாலும் கோதண்டம் சார், "நீ எழுதுடா, பசங்க படிக்கட்டும். பொய் மட்டும் கலக்காத" என்று உத்தரவு போட்டுவிட்டார். சிக்கரி கலக்கிற கம்பெனியில் இருந்துகொண்டு இப்படி ஒரு கண்டிஷன்.

2. எதிரிகள் சேர்ந்து வாங்கின மேசை

இந்தக் கப்பிங் மேசையை நம் கம்பெனி மட்டும் வாங்கவில்லை என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பச்சைப் பையில் தூள் விற்கிறார்களே, நம் போட்டிக் கம்பெனி, அவர்களும் பாதி விலை கொடுத்தார்கள்.

அப்போது நல்ல அரபிகா கொட்டை கிடைப்பதே பெரும்பாடு. முதல் தரமெல்லாம் கப்பலேறிவிடும். நமக்கு மிச்சம் ரொபஸ்டாதான். ரொபஸ்டாவைப் பழத்தோடு அப்படியே களத்தில் கொட்டிக் காயவைப்பார்கள். அதில் டிகாக்ஷன் போட்டால் ஈரக் கோணிப்பையைப் பிழிந்த மாதிரி ஒரு வாடை வரும். நம் கம்பெனிக்கும் அதே பேஜாரு, பச்சைப் பைக்கும் அதே பேஜாரு.

சுலோசனா மேடம் ஒரு வழி சொன்னார். பழத்தைப் பறித்த அன்றே தோலை உரித்து, தொட்டியில் ஊறவைத்து, வழவழப்புப் போகக் கழுவி, அப்புறம் காயவைத்தால் அந்த வாடை வராது. அரபிகாவுக்கு அப்படித்தான் செய்வார்கள். ரொபஸ்டாவுக்கு யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. மலையில் இருக்கிற சின்னத் தோட்டக்காரர்களை மேடம் வீடு வீடாகப் போய்ப் பேசிச் சம்மதிக்கவைத்தார். அவர்களும் ஒரு சீசன் முழுக்கக் குளிரில் நின்று கழுவினார்கள். வீட்டு அண்டாவிலும் குளிக்கிற தொட்டியிலும்தான் கழுவினார்கள்.

இரண்டு கம்பெனியும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டன. கழுவின ரொபஸ்டாவுக்கும் கழுவாத ரொபஸ்டாவுக்கும் உள்ள வித்தியாசம் சாதாரண ஜனங்களின் நாக்குக்குத் தெரிந்தால், மலையில் பொதுவாகத் தொட்டிகள் கட்டிக்கொடுத்து, அந்தக் கொட்டையை வருஷா வருஷம் வாங்கிக்கொள்வது. தெரியாவிட்டால் பழைய கதைதான்.

"மேடம், ஜனங்களுக்குத் தெரிலன்னா?" என்று ஒரு நாள் டம்ளர் கழுவிக்கொண்டே கேட்டேன்.

"என் பேச்ச நம்பி ஒரு சீசன் பூரா கழுவியிருக்காங்க ஏழுமலை. கையெல்லாம் வெடிச்சுப் போச்சு அவங்களுக்கு. கம்பெனி வாங்கலன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மறுபடி மலையேறுவேன்?"

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அதுவரைக்கும் இது ஏதோ படித்தவர்கள் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன்.

பச்சைப் பை கம்பெனி சார்பில் வருகிறவர் வரதன் சார். டெரிலின் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. அவரும் கோதண்டம் சாரும் ஒரே ரூமில் இருந்தால் ரூமே வேர்க்கும். எந்தக் கம்பெனி எவ்வளவு சிக்கரி கலக்கிறது என்பது ராணுவ ரகசியம். சோதனைக்கு இரண்டுக்கும் பொதுவாக ஒரு அளவு வைக்க வேண்டும் என்று மேடம் கேட்டார். வரதன் சார் மேடத்தை ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்க் காதில் சொன்னார். கோதண்டம் சார் கதவுப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார். மேடம் திரும்பி வந்து உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தார்.

"இன்னா மேடம்?"

"ரெண்டு பேரும் ஒரே அளவுதான்யா சொல்றாங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் திருடனைப் போலப் பார்த்துக்கொண்டார்கள்.

3. "நல்லா கீது"

முதல் சோதனை செங்கல்பட்டிலேயே நடந்தது. ஸ்டேஷன் போர்ட்டர்கள், ஆஸ்பத்திரி வார்டுபாய்கள், பூக்காரம்மாக்கள் என்று தினம் காபி குடிக்கிறவர்களாகப் பார்த்துக் கூப்பிட்டோம். மேடம் பாலும் சர்க்கரையும் போட்டே கொடுக்கச் சொன்னார். கறுப்பாகக் கொடுத்தால் என்னைப் போல எல்லாரும் ஜுரத்தை விசாரிப்பார்கள் அல்லவா?

கழுவினது ஒன்று, கழுவாதது ஒன்று. யாருக்கும் சொல்லாமல் மேடம் மூன்றாவதாக ஒன்றையும் வைத்தார். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கொட்டை அது. வறுக்கும்போதே நான் முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டேன். "இது ஒரு காவலுக்கு. இதையும் நல்லாருக்குன்னு சொன்னாங்கன்னா, சோதனையில கோளாறுன்னு அர்த்தம்" என்றார் மேடம்.

ஒரு பெரியவர், போர்ட்டர், சிவப்புச் சட்டையோடு வந்தார். முதல் டம்ளர் குடித்தார்.

"எப்டி இருக்கு?" என்றார் மேடம்.

"நல்லா கீதும்மா."

இரண்டாவது.

"இதுவும் நல்லா கீதும்மா."

மூன்றாவது, அந்தப் பூஞ்சைக் காபி. வாயில் வைத்தார். கண் இரண்டும் ஒரு தடவை மூடித் திறந்தன. தொண்டை ஏறி இறங்கியது. மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார், "இதான் எல்லாத்தவிட ஷோக்கா கீது."

அவர் மட்டும் இல்லை. வந்தவர் அத்தனை பேரும் அதே பாட்டு. பூக்காரம்மா ஒருத்தி, "எம்மாம் பாடுபட்டு கலக்கிக் குடுக்கிற, நல்லா இல்லாம பூடுமா?" என்று என் கன்னத்தையே தட்டிவிட்டுப் போனாள். ஒருத்தர் கூப்பிட்டு உட்காரவைத்து, கையில் டம்ளரைக் கொடுத்து, எதிரில் நின்றுகொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால், நம் பக்கத்தில் எவன் நன்றாக இல்லை என்பான்? குடுத்தவங்க மனசு நோகுமே.

வரதன் சார் பேனாவை மூடிப் பாக்கெட்டில் வைத்தார். "மேடம், வித்தியாசம் தெரியலைன்னு ஆயிடுச்சு. நான் என் டைரக்டர்கிட்ட அப்படித்தான் சொல்லியாகணும்."

"பூஞ்சையக்கூட நல்லாருக்குன்னு சொல்றாங்க சார். இது சோதனையே இல்ல."

"வாஸ்தவம். ஆனா வேற எப்படிக் கேப்பீங்க?"

மேடம் இன்னும் ஒரே ஒரு தடவை, வேறு ஊரில் பார்த்துவிடலாம் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு கம்பெனிக்கும் கடலோரத்தில் நல்ல விற்பனை. கடப்பாக்கத்தில் என் அம்மா வழியில் சொந்தக்காரர்கள் உண்டு. அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அதிலும் தெரியாவிட்டால் மூட்டை கட்டவேண்டியதுதான்.

4. கடப்பாக்கம்

கம்பெனி ஜீப்பில் ஸ்டவ், பில்டர், கண்ணாடி டம்ளர்கள் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம். வரதன் சார் தன் கம்பெனிப் பால் என்று ஒரு கேன் கொண்டுவந்தார். கோதண்டம் சார் நம் கம்பெனிப் பால் என்று ஒரு கேன். இரண்டு பாலும் செங்கல்பட்டில் ஒரே பால்காரரிடம் வாங்கினது என்பது எனக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுதானே என் வேலை.

கரையில், வலை பழுதுபார்க்கிற கொட்டகையில் கடை போட்டோம். தூரத்தில் இடிந்த கோட்டைச் சுவர். படகெல்லாம் கரையேறி, மீன் இறங்கி, ஆண்கள் கை கழுவிக்கொண்டு வருகிற நேரம். மேடம் டம்ளர்களின் அடியில் பெயிண்டால் குறி வைத்திருந்தார். கழுவின கொட்டைக்கு வட்டம், கழுவாததற்குக் கோடு. கொடுக்கிற எனக்கும் எது எது என்று தெரியாது. பூஞ்சையை மட்டும் இந்தத் தடவை விட்டுவிட்டார். பாவம் பார்த்திருப்பார்.

முதலில் வந்தவர் கன்னியப்பன். எனக்கு அண்ணன் முறை. மூன்று ஆள் அகலம். குடித்தார்.

"நல்லா கீது நைனா."

அடுத்த டம்ளரும் நல்லா கீது. மேடத்தின் முகம் வாடிவிட்டது. எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் நான் யாரையாவது சீண்டுவேன், அது என் சுபாவம். அந்தப் பக்கம் வலையில் உட்கார்ந்திருந்தார் மாசிலாமணி. கன்னியப்பன் அண்ணாத்தையின் சம்சாரம் வள்ளி அண்ணிக்குக் கூடப்பிறந்த அண்ணன். அதாவது இவருக்கு மச்சான்.

"அண்ணாத்த, இன்னும் ஒரு வாய் குடிச்சிப் பாரு. இது உன் மச்சான் வூட்லேர்ந்து வந்த காப்பி" என்றேன்.

சற்றுமுன் நல்லா கீது என்றாரே, அதே டம்ளர். ஒரு வாய் குடித்தார். மணலில் துப்பினார்.

"த்தூ! இத்தயா குடிக்கிறான் அவன்? வல அலசின தண்ணிடா இது! டேய் மாசி, இத்த குடிச்சிக் குடிச்சிதான்டா உன் மூஞ்சி அப்டி கீது!"

மாசிலாமணி சும்மா இருப்பாரா? எழுந்து வந்து இன்னொரு டம்ளரை எடுத்தார். "இது கன்னியப்பன் வூட்டுதா? குடுறா." ஒரு வாய். "அய்யய்ய! எந்தங்கச்சிய இந்த வூட்லயா குடுத்தோம்? மாட்டுக்குக் காட்டினாக்கூட மொறைக்கும்!"

கொட்டகையே கலகலத்துவிட்டது. ஆளாளுக்கு டம்ளரை எடுத்து மச்சான் வீட்டுக் காபி என்று வைத்து வைத்துத் திட்ட ஆரம்பித்தார்கள். மாமன் மச்சான் கேலிக்கு எங்கள் பக்கத்தில் தடையே கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். யாருக்கும் மனசு நோகாது. சொல்லாவிட்டால்தான் வருத்தப்படுவார்கள்.

"மேடம், வாயத் தொறந்துட்டாங்க!" என்று குதித்தேன்.

வரதன் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "தொறந்தாங்க சரி. முன்னாடி எல்லாமே நல்லாருக்குன்னாங்க, இப்ப எல்லாமே மோசம்ங்கறாங்க. இதுல என்னத்த எழுதுறது?"

அதுவும் சரிதான். வட்டத்துக்கும் வசவு, கோட்டுக்கும் வசவு. என் குதிப்பு அடங்கியது.

மேடம் மட்டும் ஒரு கவிழ்ந்த கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்தார். "எப்படி இருக்குன்னே கேக்க வேணாம் ஏழுமலை. ரெண்டு டம்ளரையும் கொடு. ரெண்டையும் ருசி பாக்கட்டும். ஒண்ண தனக்கு வச்சுக்கணும், ஒண்ண மச்சானுக்குக் கொடுக்கணும். அவ்வளவுதான்."

கேள்வியே இல்லை. சொல்லவேண்டிய பதிலும் இல்லை. எனக்கு அப்போது இந்த அம்மா காலில் விழலாம் போல இருந்தது.

கன்னியப்பன் அண்ணாத்தை இரண்டையும் உறிஞ்சினார். ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மற்றதை ஒரு விரலால் தள்ளினார். "இத்த அவனுக்கு ஊத்து." கொட்டகை ஓரத்தில் ஒரு பலகை போட்டு மச்சான் பலகை என்று பெயர் வைத்தோம். அதில் டம்ளர்கள் சேர ஆரம்பித்தன. ஆண்கள் வரிசையில் நின்று ஆசை ஆசையாக மச்சானுக்குத் தள்ளினார்கள். அப்புறம் மீன் ஏலம் முடித்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களிடமும் நான் அதே பாட்டைப் பாடினேன்.

"ஒண்ணு உங்க வூட்டுக்கு. இன்னொண்ணு உங்க வூட்டுக்காரரோட மச்சானுக்கு. எத்த எதுக்குன்னு குடிச்சிப் பாத்து வைங்க."

அவர்களும் குடித்துப் பார்த்து, மச்சானுக்கு உள்ளதை அதே பலகையில் வைத்தார்கள். வள்ளி அண்ணி மட்டும் இரண்டையும் திரும்பத் திரும்பக் குடித்துப் பார்த்துத்தான் வைத்தாள். நகை எடுக்கிற மாதிரி.

5. பாதிக்குப் பாதி

வரதன் சாரும் கோதண்டம் சாரும் சேர்ந்து மச்சான் பலகையில் இருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் பார்த்தார்கள். வட்டம், கோடு, கோடு, வட்டம். பார்க்கப் பார்க்க மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"பாதிக்குப் பாதி மேடம்" என்றார் வரதன் சார். கிண்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "காசு சுண்டிப் போட்டிருந்தாலும் இதான் வந்திருக்கும்."

மேடம் பில்டரைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். வெடித்துப்போன கைகளோடு யாரோ மலையில் காத்துக்கொண்டிருப்பது எனக்குக்கூடத் தெரிகிற மாதிரி இருந்தது. நான் டம்ளர் கழுவப் போனேன்.

தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் கன்னியப்பன் அண்ணாத்தை சம்சாரத்தோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். தன் வீட்டுக்கு என்று வள்ளி அண்ணி எடுத்துவைத்த டம்ளர் அவர் கையில் இருந்தது.

"இன்னாமே இது? வாயில வைக்க முடில. அந்த நல்லத எங்க?"

"எங்கண்ணனுக்கு வச்சிட்டேன்."

"ஏன், எனுக்கு நாக்கு இல்லியா?"

"எங்கண்ணன் என்னிக்கோ ஒரு நாளு வூட்டுக்கு வருது. அதுக்கு நல்லதா குடுக்காம? நீ தெனம் இங்கதான் கீற. உனுக்கு இது போதும்."

மாசிலாமணி எங்கிருந்தோ குரல் கொடுத்தார். "எந்தங்கச்சி தங்கம்டா!"

என் கையிலிருந்த டம்ளர் தொட்டியில் விழுந்தது. நல்லவேளை, உடையவில்லை.

"மேடம்! மேடம்! இங்க வாங்க!"

மேடம் வந்தார். அண்ணியை மறுபடி சொல்லச் சொன்னேன். அண்ணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி சொன்னாள், இந்தத் தடவை இன்னும் காரமாக. மேடம் சட்டென்று திரும்பி மற்ற பெண்களைப் பார்த்தார். "நீங்கல்லாம் யாருக்கு நல்லத வச்சீங்க?"

"எங்கண்ணனுக்குத்தான்."

"என் தம்பிக்கு. பாவம், எளைச்சி பூட்டான்."

ஆண்கள் மச்சானுக்கு மட்டமானதைத் தள்ளியிருந்தார்கள். பெண்களுக்கு அதே ஆள் கூடப்பிறந்தவன். அவனுக்கு உசத்தியானதை வைத்திருந்தார்கள். அத்தனை பேர் நாக்குக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கிறது. ஒன்றை ஒன்று அடித்துப் பாதிக்குப் பாதியாகிவிட்டது.

"அப்ப பொம்பளைங்க கணக்க திருப்பிப் போட்டுடலாம் சார்!" என்றேன் நான்.

"அதெல்லாம் முடியாது" என்றார் வரதன் சார். "பதில் தெரிஞ்சப்புறம் நமக்கு வேணுங்கற மாதிரி திருப்பிப் போடறதுக்குப் பேரு சோதனையா? லேடீஸுக்கு மறுபடி புதுசா வைக்கணும். குறிய நானே வைக்கிறேன், அதே வட்டம், அதே கோடு. மேடத்துக்கும் தெரியக்கூடாது."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மேடம் பளிச்சென்று நிமிர்ந்தார். "அதான் சரி. சார் சொல்றபடியே செய்வோம்."

"செய்யலாம். மச்சானுக்கு பதிலா யார வைக்கிறது?" என்றேன்.

எல்லாரும் யோசித்தார்கள். கோதண்டம் சார் தொண்டையைக் கனைத்தார். கல்யாணம் ஆகி ரொம்ப வருஷம் ஆன மனிதர். அவர் வீட்டில் அவருடைய அம்மா, தங்கைகள் எல்லாரும் ஒன்றாக இருக்கிறார்கள்.

"நாத்தனாருக்குன்னு கேளுடா" என்றார்.

6. நாத்தனார் பலகை

வரதன் சார் டெரிலின் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, எங்கள் எல்லாரையும் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே டம்ளர்களுக்குக் குறி வைத்தார். கோதண்டம் சார் டிகாக்ஷன் இறக்கினார். பச்சைப் பைக்காரரும் நம் ஆளும் ஒரே ஸ்டவ் முன்னால் குனிந்து நின்றதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். இரண்டு கேன் பாலும் ஒரே பாத்திரத்தில் காய்ந்தது. வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"யக்கா, அண்ணிங்களே, கேட்டுக்கோங்க. ஒண்ணு உங்களுக்கு. ஒண்ணு உங்க நாத்தனாருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் ஒரு சிரிப்பு எழும்பியது பாருங்கள், கரையில் மீன் பொறுக்கிக்கொண்டிருந்த காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. முன்பு தயங்கித் தயங்கி வந்தவர்கள் இப்போது இடித்துக்கொண்டு வந்தார்கள்.

"இது மூத்த நாத்தனாருக்கா, எளையதுக்கா?"

"எத்தினி பேரு இருக்காங்க உனுக்கு?"

"எத்தினி டம்ளர் வச்சிக்கினு கீற நீ?"

இன்னொரு பெண் வந்து கவலையாக நின்றாள். "எனுக்கு நாத்தனாரே இல்லியே தம்பி."

"பக்கத்து வூட்டுக்காரம்மாவ நெனச்சிக்கோ யக்கா."

"அப்டியா? அப்ப செரி." குடித்துப் பார்த்து ஒரு டம்ளரைத் தள்ளினாள். தள்ளின வேகத்தில் பாதி சிந்திவிட்டது.

வள்ளி அண்ணி கடைசியாக வந்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு வாய்தான். தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாத்தனார் பலகை நிறைந்தது. வரதன் சார் தானே ஒவ்வொரு டம்ளராகத் தூக்கி அடியைப் பார்த்தார். முதல் நாலைந்து டம்ளர்களுக்கு முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அவர் பார்க்கிற வேகம் குறைந்தது. எண்ணி முடித்துவிட்டு நோட்டில் பெயர் பெயராகக் குறித்திருந்த ஆண்கள் கணக்கையும் கூட வைத்துப் பார்த்தார். மேடம் தன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பார்க்கப் பயந்துதான்.

வரதன் சார் மிச்சம் இருந்த இரண்டு டம்ளர்களை எடுத்தார். ஒன்று வட்டம், ஒன்று கோடு. இதிலிருந்து ஒரு வாய், அதிலிருந்து ஒரு வாய். ஒன்றைத் தன் கையில் வைத்துக்கொண்டார். மற்றதைக் கோதண்டம் சாரிடம் நீட்டினார்.

"இந்தாங்க சார். போட்டிக் கம்பெனிக்கு."

கோதண்டம் சார் வாங்கினார், குடித்தார், முகத்தைச் சுளித்தார். டம்ளரைத் தலைக்குமேல் தூக்கி அடியைப் பார்த்தார். கோடு.

கழுவாதது.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரதன் சார் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தார். அவர் அதை மேடத்திடம் கொடுக்கவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் கவிழ்த்துக் காட்டினார். வட்டம்.

"பலகையில கிட்டத்தட்ட எல்லாமே கோடுதான். தொட்டிக்கு எங்க பங்கு வந்துடும் மேடம்" என்றார்.

"எங்க பங்கு அதுக்கு முன்னாடியே வந்துடும்" என்றார் கோதண்டம் சார். இதிலும் போட்டி.

7. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

தொட்டிகள் கட்டியாயிற்று. அடுத்த சீசனில் மலையிலிருந்து முதல் மூட்டை வந்தபோது, அதைப் பிரித்து வறுத்தவன் நான்தான். மேடம் கூடவே வந்திருந்தார். அவர் மலையேறினபோது தோட்டக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. காபி கொடுத்தாங்க" என்றார். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "போடா" என்றார்.

இப்போது நீங்கள் ஊர் ஊராகச் சாம்பிள் கொண்டுபோகிறீர்கள். திரும்பி வந்து, "சார், எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாங்க" என்று ரிப்போர்ட் கொடுக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நல்லாருக்கு என்று ஒருத்தர் சொன்னால், அவர் மரியாதை தெரிந்தவர் என்பதுதான் உங்களுக்குத் தெரிந்தது. காபியைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை. கேட்பதை விட்டுவிட்டு, அவர் கை எந்த டம்ளரை எங்கே தள்ளுகிறது என்று பாருங்கள். யாருக்காகத் தள்ளுகிறார் என்பதையும் பாருங்கள். அதைப் பார்க்காவிட்டால், எங்களைப் போலப் பாதிக்குப் பாதி என்று எழுதி எடுத்துக்கொண்டு ஜீப் ஏறிவிடுவீர்கள். எதிர்க் கம்பெனிக்காரர் ஏதாவது ஆட்சேபம் சொன்னால் கோபப்படாதீர்கள். அன்றைக்கு வரதன் சார் மட்டும் ஒத்துக்கொண்டு கணக்கைத் திருப்பிப் போட்டிருந்தால், அவருடைய டைரக்டர் ஒரே கேள்வியில் எங்களைக் கவிழ்த்திருப்பார்.

போன மாசம் கடப்பாக்கம் போயிருந்தேன். வள்ளி அண்ணி வீட்டில் உட்காரவைத்து, உள்ளே போய்க் காபி கலந்து எடுத்துவந்தாள். கையில் இரண்டு டம்ளர். ஒன்றைக் கன்னியப்பன் அண்ணாத்தையிடம் கொடுத்தாள், ஒன்றை என்னிடம்.

"அண்ணி, இது அண்ணன் டம்ளரா, நாத்தனார் டம்ளரா?"

"குடிச்சிட்டு நீயே சொல்லு. நீதான் பெரிய ஆராய்ச்சிக்காரனாச்சே."

அண்ணாத்தை தன் டம்ளரைக் குடிக்காமல், ஓரக்கண்ணால் என்னுடையதையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரிலேயே நின்றாள்.

நான் டம்ளரை வாய்க்குக்கூடக் கொண்டுபோகவில்லை.

"நல்லா கீது அண்ணி" என்றேன்.